காணொளிப் பாடமும் பலதிற மாணாக்கரும்

மாணாக்கர் அனைவரும் ஒரு தன்மையர் அல்லர் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. 13ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர், நன்னூற் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றோடு ஒப்பிட்டு வகுத்தார். இப்பலதிறத்தார்க்கும் ஒரே பாடம் பயன்படுமா என்னும் வினாவே இக்காலக் காணொளிப் பாடங்களை மதிப்பிடுதற்கும் தக்க அளவுகோலாகும்.

இப்பாடங்களுள் உலகறிந்தவை ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சல் கான் என்பார் ஆக்கியவை. பொஸ்ரன் நகரிலிருந்த அவர், 2004இல் நியூ ஓர்லியன்ஸில் வாழ்ந்த உறவுச் சிறுமி ஒருத்திக்குத் தொலைவிலிருந்தே கணிதம் கற்பிக்கலானார். 2006 முதல் பாடங்களை யூரியூப்பில் ஏற்றினார். கரும்பலகை போன்ற திரையில் எழுத்து வளரும், குரல் மாத்திரம் கேட்கும், முகம் தோன்றாது. நேரிற் கற்பதினும் காணொளியையே உறவினர் விரும்பினர் என்று 2011இல் அவரே உரைத்தார். விளங்காதவிடத்து நிறுத்தலாம், நாணமின்றி மீளவும் கேட்கலாம். மும்முறை கேட்டவன் முறையறிந்து உரைக்க வல்லவனாவான் என்பது நன்னூலார் கருத்து. பின்தங்கும் மாணாக்கனுக்கு அவ்வாய்ப்பை அளித்தமையே இப்பாடங்களின் பெருஞ்சிறப்பு.

ஆயினும், காணொளிப் பாடங்களுக்குக் குறைகளும் உள. 'இது', 'இங்கே' என்று சுட்டிச் செல்லுமிடங்கள் பார்வை குன்றியோர்க்கு வெற்றொலியாகின்றன. செவிப்புலன் குன்றியோர் திரையடி எழுத்தைப் படிக்கும்பொழுது, மேலே வளரும் கணக்கைக் காணுதல் அரிது. மேலும், தனியே காண்பவனுக்கு உரிய நிறுத்தும் உரிமை, பலர் ஒரு திரையைக் காணும் வகுப்பில் ஆசிரியர் கைக்கு மாறிவிடுகிறது. அங்கே பழைய நாணமும் திரும்பிவிடும்.

இவை அனைத்தினும் பெரிய குறை, காணொளி மாணாக்கனை வினவி அவன் கருத்தை அறியாமையாகும். டெரெக் முல்லர் என்பார் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 2008இல் நிறைவேற்றிய ஆய்வில் பௌதிகக் காணொளிகளை ஆராய்ந்தார். தெளிந்த விளக்கத்தை மாத்திரம் கண்டோர் தமக்கு விளங்கிற்று என எண்ணினர். பழைய பிழைக்கருத்துக்களையோ விட்டாரிலர். அப்பிழைகளை முன்வைத்து ஆராய்ந்த காணொளி கூடுதல் உழைப்பை வேண்டிற்று. ஆயினும் அதுவே மிகுதியாகக் கற்பித்தது.

ஆதலின், திரையை ஓடவிட்டு ஆசிரியர் ஓய்ந்திருத்தல் கற்பித்தலாகாது. காட்டுமுன் மாணாக்கர் கொண்ட கருத்தை வினவுதல், ஐயம் எழுமிடத்துக் கேளாமலே நிறுத்துதல், சுட்டி மட்டும் காட்டியதைச் சொல்லால் விளக்குதல் ஆகியன அவர் கடன். நன்னூலார் கேட்டலோடு வினாவுதலையும் வேண்டினார். கேட்டலைத் திரை பலமுறை தரும். வினாவை எழுப்புதற்கு ஆசிரியரே வேண்டும்.