அடுக்கித் தரும் பேட்ச் கோப்பு: நம்பலாமா?

ஆசிரியர் குழுக்களில் அவ்வப்போது சுற்றிவரும் அந்த பேட்ச் கோப்பைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு முறை சொடுக்கினால் போதும். டவுன்லோட்ஸில் குவிந்து கிடப்பதையெல்லாம் பிடிஎஃப், வேர்ட், படம் என்று தனித்தனிக் கோப்புறைகளில் போட்டுவிடும். மொத்தமே சில வரிகள்தான். விண்டோஸிலேயே ஓடும், காசு வேண்டாம். சோம்பேறி வேலை என்று இதைத் தள்ள மாட்டேன். குருண், பீடோங் பக்கத்துத் தோட்டப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் பாடநூல், புறப்பாடம், கட்டொழுங்கு எல்லாவற்றையும் சுமக்கிறார். தேடும் நேரம் மிச்சமானால் நல்லதுதானே.

ஆனா, அது பிரிக்கிற விதம் நமக்கு உதவாது. "நாலாம் ஆண்டு, ஐந்தாம் வாரம்" என்றுதான் தேடுகிறோம். "வேர்ட்" என்று யார் தேடுவார்? மாணவர் அனுப்பிய வீட்டுப்பாடப் படமும் பொங்கல் விழாப் படமும் ஒரே இடத்தில் போய் விழும். சரி, ஆண்டுவாரியாகப் பிரிப்போம் என்றால், மூன்றும் நான்கும் சேர்ந்த இணைந்த வகுப்பின் பாடத்திட்டம் எந்த ஆண்டுக்குப் போகும்?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய ஆபத்து 'மூவ்' கட்டளையில் இருக்கிறது. அதை நாமே தட்டச்சு செய்தால், அதே பெயரில் கோப்பு இருக்கும்போது "மேலெழுதவா?" என்று கேட்கும். பேட்ச் கோப்புக்குள் வைத்தால் கேட்காது, பேசாமல் மேலெழுதிவிடும். போனது குப்பைத்தொட்டியிலும் கிடைக்காது. இதில் இன்னொரு கூத்து: பழைய கோப்பு டவுன்லோட்ஸிலேயே கிடந்தால், உலாவி புதியதற்கு (1) என்று சேர்த்துக் காப்பாற்றிவிடும். நம் நிரல் பழையதை முன்பே நகர்த்திவிடுவதால் அந்தக் காப்பும் போச்சு. ஆசிரியர் அறையில் ஒரே கணினி. இரண்டு பேரும் "ஆர்பிஎச் வாரம் 5" என்று இறக்கினால், முதலாமவருடையது இல்லாமலே போய்விடும். அதிகாரி கேட்கும் நாளில்தான் தெரியவரும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மேலும் ஒரு சிக்கல். ஒருங்குறியில் 'மொ' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, நிரலுக்கு வேறு வேறு. "தமிழ்மொழி" என்று தேடினால் பாதி நகரும், பாதி அங்கேயே நிற்கும். அதோடு, நிரலை யுடிஎஃப்-8இல் சேமித்து, தொடக்கத்தில் 'சிஎச்சிபி 65001' என்ற வரியைப் போடாவிட்டால் தமிழ்ப் பெயரே அதற்குப் புரியாமல் போகலாம்.

பயன்படுத்தத்தான் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு 'மூவ்'க்கும் முன்னால் 'எக்கோ' என்று சேர்த்து ஒருதரம் ஓட்டுங்கள். எதையும் நகர்த்தாது, எது எங்கே போகும் என்று திரையில் காட்டும். பிறகு 'எக்கோ'வை எடுத்துவிட்டு, 'மூவ்'க்குப் பின்னால் சாய்கோடு, கழித்தல் குறி, 'ஒய்' மூன்றையும் இடைவெளியின்றிச் சேர்த்துவிட்டால் மேலெழுதும் முன் கேட்கும். பொதுக்கணினியில் மட்டும் டவுன்லோட்ஸ் மீது ஓட்டாதீர்கள். அங்கே கிடப்பது உங்கள் கோப்பு மட்டுமல்ல.