கருவிச் சேவையகங்கள்: இலகுவான அமைப்பும் கனதியான பொறுப்பும்

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் எனப்படும் உரையாடல் மென்பொருள்கள், தாம் பயிற்றப்பட்ட காலத்துக்குப் பின்னர் நிகழ்ந்தவற்றைத் தாமாக அறியமாட்டா. அறியாதவற்றையும் அறிந்தவை போலச் சொல்லிவிடும் இயல்பு அவற்றுக்கு உண்டு. இக்குறையை ஈடுசெய்வதற்காக, வெளியிலுள்ள தரவையும் செயற்பாடுகளையும் அவற்றுக்குத் திறந்துவிடும் சிறு நிரல்களை எழுதி இயக்கும் வழக்கம் விரைந்து பரவியுள்ளது. கருவிச் சேவையகம் என இங்கு குறிக்கப்படுவது அத்தகைய நிரலையே. இவ்வழக்கத்தை எடைபோடுவதற்குப் பெருநகர அலுவலகங்களைவிட, யாழ்ப்பாணத்தை அடுத்த புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறை பொருத்தமான களமாகும். ஏனெனில் அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோருக்கு வேண்டிய செய்தி காற்றையும் கடலையும் பொறுத்து மாறுவது, அதனால் உதவியாளர்களை இயக்கும் எந்த மொழி மாதிரியும் முன்கூட்டிக் கற்றிருக்க முடியாதது.

இவ்வழக்கத்துக்குப் பொதுவடிவம் தந்தது, அன்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. என்னும் திறந்த நெறிமுறையாகும். உதவியாளரும் சேவையகமும் ஜேசன்-ஆர்.பி.சி. 2.0 என்ற முறையில், அதாவது கேள்வியையும் விடையையும் ஒழுங்குபடுத்திய எழுத்துவடிவில், செய்தி பரிமாறிக்கொள்கின்றன. பத்து உதவியாளர்களை இருபது தரவு மூலங்களோடு தனித்தனியே பிணைக்க இருநூறு இணைப்புகள் எழுத வேண்டிய இடத்தில், பொது நெறிமுறை இருப்பின் முப்பது போதும் என்பதே இதன் அடிப்படை வலிமை. 2025 மார்ச்சில் ஓப்பன்ஏஐயும் ஏப்ரலில் கூகுளும் இதனை ஏற்றதும், அதே ஆண்டு டிசம்பரில் இது லினக்ஸ் அறக்கட்டளையின் கீழுள்ள அமைப்பொன்றிடம் ஒப்படைக்கப்பட்டதும், ஒரு நிறுவனத்தின் உடைமையாக இது முடங்கிவிடும் என்ற அச்சத்தைப் பெரிதும் தணித்தன.

இரண்டாவது வலிமை அதன் எளிமை. குறிகட்டுவானுக்குப் ‘படகு நேரம்’ என்ற ஒரேயொரு கருவியைக் கொண்ட சேவையகத்தை அமைப்பதாகக் கொண்டால், அது சேருமிடத்தையும் திகதியையும் பெற்று, புறப்படும் நேரத்தையும் அன்று ஓடும் படகு குமுதினியா, வடதாரகையா, நெடுந்தாரகையா என்பதையும் திருப்பித் தர வேண்டும். இதற்குப் பைதன் மொழியில் சில பத்து வரிகள் போதும். கனத்த கணிப்பு வேலையை மொழி மாதிரி வேறிடத்தில் செய்துவிடுவதால், பழைய மடிக்கணினியொன்றே சேவையகத்துக்கு ஈடுகொடுக்கும். ஒரு பாடசாலையோ சனசமூக நிலையமோ பெருஞ்செலவின்றித் தன் ஊரின் தரவை உலகப் பொதுவான உதவியாளர்களோடு இணைக்கலாம் என்பது சிறிய வாய்ப்பன்று.

ஆயின் அந்த எளிமைக்குள்ளேயே குறைகளும் தொடங்குகின்றன. கருவியை எப்போது அழைப்பது என்பதை மொழி மாதிரி, நிரலாளர் எழுதிய விபரிப்பை வாசித்தே தீர்மானிக்கிறது. ‘படகு விபரம் தரும்’ என்று மட்டும் எழுதினால், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலான ‘பாதை’ எனப்படும் மிதவைச் சேவையைப் பற்றிக் கேட்டவருக்கும் அது குறிகட்டுவான் நேரத்தைச் சொல்லிவிடக்கூடும். கருவி எதைத் தரும், எதைத் தராது என்ற இரண்டையும் எழுதுவதே முறை. அப்படி விரித்து எழுதுவதற்கும் விலையுண்டு: கருவிகளின் விபரிப்புகள் பொதுவாக உரையாடலின் தொடக்கத்திலேயே மாதிரியின் நினைவிடத்தை நிரப்புகின்றன, தமிழ்ச் சொற்களை மாதிரிகள் ஆங்கிலச் சொற்களைவிடக் கூடுதலான துண்டுகளாக உடைத்து வாசிப்பதால் அச்செலவு மேலும் ஏறுகிறது. ஆகவே கருவிகள் சிலவாக இருப்பதே நன்று.

தொழில்நுட்ப நுணுக்கங்களும் கவனம் வேண்டுவன. ஒரே கணினிக்குள் இயங்கும் சேவையகம் தன் வழமையான வெளியீட்டுத் தடத்தினூடாகவே உதவியாளருக்கு விடை அனுப்புவதால், பிழை தேடுவதற்காக நிரலாளர் இட்ட ஒரு ‘பிரின்ட்’ கட்டளைகூட அத்தடத்தில் புகுந்து உரையாடலைக் குலைத்துவிடும். குறிப்புகளைப் பிழைத் தடத்துக்கோ கோப்புக்கோ அனுப்ப வேண்டும். இணையவழிச் செய்திப் பரிமாற்றத்துக்கு முதலில் வகுத்த முறை 2025 மார்ச் திருத்தத்திலேயே மாற்றப்பட்டமை, இன்று எழுதியதைத் தொடர்ந்து பராமரிக்க ஆள் வேண்டும் என்பதைக் காட்டுகிறது.

எல்லாவற்றிலும் பாரதூரமானது நம்பகம் பற்றிய குறை. 2025 செப்டெம்பரில், மின்னஞ்சல் அனுப்பும் சேவையகப் பொதியொன்று, பல பதிப்புகளில் ஒழுங்காக இயங்கிய பின்னர், புதிதாகச் சேர்க்கப்பட்ட ஒரு வரியின் மூலம் ஒவ்வொரு மடலின் பிரதியையும் அந்நிய முகவரிக்கு அனுப்பியது கண்டறியப்பட்டது. கருவி கொண்டுவரும் தரவுக்குள் எவரேனும் கட்டளை வாக்கியத்தை ஒளித்துவைத்தால், மாதிரி அதனையும் பயனரின் விருப்பமென எண்ணி நிறைவேற்ற முற்படலாம். வாசிக்க மட்டும் செய்யும் கருவி எது, அழிக்கவோ மாற்றவோ வல்லது எது எனக் குறிப்பிடும் வசதி நெறிமுறையில் உண்டெனினும், அக்குறிப்பைச் சேவையகமே எழுதுவதால், நம்பத்தகாத இடத்திலிருந்து வந்தால் அதனை ஏற்கலாகாது என நெறிமுறையே எச்சரிக்கிறது. படகில் இடம் பதியும் கருவியையும் சேர்த்து, பயணிகளின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் வாங்கத் தொடங்கினால், இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறும் கடப்பாடுகளையும் எண்ணிப்பார்க்க வேண்டியதாகும்.

இவற்றுக்கும் அப்பால், எந்த நிரலும் தனித்துத் தீர்க்க முடியாத ஒன்று உண்டு. கடல் கொந்தளித்துச் சேவை நிறுத்தப்பட்ட நாளில், பழைய நேர அட்டவணையை எடுத்துக் கொடுக்கும் சேவையகம், இல்லாத சேவையகத்தைவிடத் தீங்கானது. உதவியாளர் அதனைத் தயக்கமற்ற நல்ல தமிழில் சொல்லிவிட, தீவுப் பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியரோ வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் நோயாளியோ யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறித் துறைக்கு வந்து அலைக்கழிவார். எனவே ஒவ்வொரு விடையோடும் அது கடைசியாக உறுதிசெய்யப்பட்ட நேரம் சேர்க்கப்பட வேண்டும். குறித்த நேரத்துக்குள் புதுப்பிக்கப்படாத தரவுக்கு ‘உறுதிப்படுத்தப்படவில்லை’ என்ற விடையே திரும்ப வேண்டும்.

ஆகவே இவ்வழக்கம் வரவேற்கத்தக்கதே. பெருநிறுவனங்களின் கருணைக்குக் காத்திராமல் சிற்றூர்கள் தம் அறிவைத் தாமே வழங்குவதற்கு இதனினும் மலிவான வழி இன்று அரிது. ஆனால் அது வாசிக்க மட்டும் செய்யும் ஓரிரு கருவிகளோடு தொடங்க வேண்டும்; எழுதவும் மாற்றவும் வல்ல கருவிகள் மனிதரின் ஒப்புதல் பெற்றே இயங்க வேண்டும்; பிறர் எழுதிய பொதிகள் ஆராயப்பட்ட பின்னரே நிறுவப்பட வேண்டும். சேவையகத்தை ஒரு மாலைப் பொழுதில் எழுதிவிடலாம். அன்றாடம் துறையிலிருந்து உண்மை நிலையைப் பதிய ஒருவரைப் பொறுப்பாக நியமிக்காதவரை, அதனை மக்கள் பயன்பாட்டுக்கு விடலாகாது.