திரையில் மாற்றாந்தாய்

ஒரு பிரதேசத்தை அரசு புறக்கணித்தால், 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்று நம் பத்திரிகைகள் தலையங்கம் தீட்டுகின்றன. முற்போக்காளர் மேடைகளும் இதற்கு விலக்கல்ல. ஆட்சியாளரின் குற்றத்தைக் கண்டிக்கப் புகுந்து, அதனோடு எத்தொடர்புமற்ற பெண்ணொருத்தியை இழிவுபடுத்துகிறோம் என்பது எவருக்கும் உறைப்பதில்லை. இப்படிமம் எங்கிருந்து வந்தது? திரைப்படம் இதனை எவ்வாறு பேணி வருகிறது?

டிஸ்னியின் 'ஸ்னோ வைட்' (1937), 'சிண்டரெல்லா' (1950) ஆகிய படங்கள் கொடிய மாற்றாந்தாயை உலகெங்கும் உலவவிட்டன. இவற்றுள் முன்னையதன் மூலம், ஜேர்மனியின் கிறிம் சகோதரர் தொகுத்த கதையாகும். 1812ஆம் ஆண்டு முதற்பதிப்பில், பொறாமையால் மகளைக் கொல்ல முயல்பவள் பெற்ற தாயே. 1819ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் அவள் மாற்றாந்தாயாக்கப்பட்டாள். பசிக் கொடுமையால் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரும் குடும்பத்தைப் பற்றிய 'ஹான்சலும் கிரெட்டலும்' என்ற கதையிலும் பிற்பதிப்புகளில் இம்மாற்றமே நிகழ்ந்தது. தாய்மையின் புனிதம் காக்கப்பட்டது. வறுமையின் பழியோ வெளியிலிருந்து வந்தவள்மீது சுமத்தப்பட்டது. உணவுக்கும் உடைமைக்குமான போராட்டம் ஒரு பெண்ணின் கெட்ட குணமாகச் சுருங்கியது.

தமிழ்த் திரை இவளை நல்லவளாகவும் காட்டியதுண்டு. கே. எஸ். கோபாலகிருஷ்ணனின் 'சித்தி' (1966) இதற்குத் தக்க சான்று. தம்பியின் மருத்துவப் படிப்புக்காக, பல பிள்ளைகளின் தந்தையான வயது முதிர்ந்த செல்வரை மணக்கிறாள் பத்மினி ஏற்ற கதாநாயகி. இரண்டாந்தாரம் என்பது பல வேளைகளில் ஏழைப் பெண்ணை விலைபேசும் வணிகமே என்ற உண்மை இங்கே வெளிப்படுகிறது. இது அப்படத்தின் பெருமை. ஆயினும், அந்த வணிகத்தின் மீது எழவேண்டிய சினம், அவளது பொறுமையைக் கண்டு நாம் சிந்தும் கண்ணீரில் கரைந்துவிடுகிறது. கொடியவளோ தியாகியோ, சாதாரண மனுஷியாக வாழ அவளுக்கு இடமில்லை.

ஆணுக்கு அளவுகோல் வேறு. 'என்னை அறிந்தால்' (2015) படத்தில், தான் மணக்கவிருந்து கொலையுண்ட பெண்ணின் மகளை நாயகன் வளர்க்கிறான். அது அவன் வீரத்துக்கு மேலுமோர் அணியாகிறது. பெண் செய்தால் கடமை, ஆண் செய்தால் பெருந்தன்மை!

இந்த வார்ப்புகளிலிருந்து விலக முயன்ற படங்களும் உண்டு. ஹொலிவூட்டின் 'ஸ்டெப்மொம்' (1998), பெற்றவளையும் பின் வந்தவளையும் சமநிலையில் நிறுத்துகிறது. எனினும், பெற்றவளைத் தீராநோய்க்கு இரையாக்கியே சிக்கலை அவிழ்க்கிறது. விபத்தில் துணையிழந்த இருவரை நேர்மையோடு அணுகும் 'ரிதம்' (2000), அவர்கள் ஒன்றுசேர்வதோடு நின்றுவிடுகிறது. உண்மையான வாழ்க்கை அதன் பின்னரே தொடங்குகிறது: யாரை எப்படி அழைப்பது, இறந்தவரின் படத்தை எங்கே மாட்டுவது, வீடும் காணியும் யாருக்கு என்ற கேள்விகள் அங்கேதான் எழுகின்றன.

போர் எண்ணற்ற குடும்பங்களைச் சிதைத்த நாடு இது. எஞ்சியோர் மறுபடி இணைந்து கட்டிய வீடுகளிலிருந்து வரும் மாணவர்கள் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். சிண்டரெல்லா கதையைச் சொல்லும் ஆசிரியர், காலையில் சித்தி தலைவாரி அனுப்பிய சிறுமியின் முகத்தைச் சற்று நோக்கட்டும். அரசின் பாரபட்சத்தைப் பாரபட்சம் என்றே எழுதுவோம். அதற்கு அவள் பெயர் வேண்டாம்.