இன்வெர்ட்டர் எவ்வளவு தூரம் வரும்?

ஸ்ரீபெரும்புதூரில் 400 கிலோவோல்ட் துணை மின்நிலையம் இருக்கிறது. அதைச் சுற்றிய வட்டாரத்தில், இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய், ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ–நிசான், 2012 முதல் டைம்லர் லாரி ஆலை, 2013 முதல் ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன. பெரிய ஆலைக்கு உயரழுத்த இணைப்பு தனியாக வரும். அது நின்றாலும் வளாகத்துக்குள் டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கிவிடும். மதில் சுவருக்கு இந்தப் பக்கம் மாத்தூரிலும் வல்லத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் படப்பையிலும் இருக்கும் வீடுகளுக்குத் தெருக்கம்பத்துக் கம்பிதான் கதி. கரண்ட் போனால் வீட்டுக்காரர் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டதன் பெயர்தான் இன்வெர்ட்டர்.

இன்று நடுத்தர வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் ஒரு பேட்டரி உட்கார்ந்திருப்பது இயல்பான காட்சியாகிவிட்டது. இந்தப் பழக்கம் எதை நன்றாகச் செய்கிறது, எங்கே கைவிடுகிறது, அதன் செலவை யார் சுமக்கிறார்கள் என்று எடைபோட வேண்டியிருக்கிறது. குறுகிய மின்தடைக்கு நல்ல விடையாக வந்த ஒரு கருவியை, எல்லா மின்தடைக்கும் விடை என்று நாம் நம்பிவிட்டோம் என்பதே என் வாதம்.

இந்த நம்பிக்கை வேரூன்றிய காலம் 2008 முதல் 2014 வரை. 2008 நவம்பரில் பெரிய ஆலைகளுக்கு மின்கட்டுப்பாடு வந்தது. 2012இல் தமிழ்நாட்டின் மின் பற்றாக்குறை 4,000 மெகாவாட் அளவுக்குப் போனது. சென்னை மாநகருக்கு அறிவிக்கப்பட்ட மின்வெட்டு இரண்டு மணி நேரம். மற்ற மாவட்டங்களில் பல ஊர்கள் பத்து மணி நேரத்துக்கு மேல் இருட்டில் கிடந்தன. அந்த ஆண்டுகளில் இன்வெர்ட்டர் வசதி என்ற நிலையிலிருந்து தேவை என்ற நிலைக்கு இறங்கியது. பற்றாக்குறை தீர்ந்த பிறகும் பழக்கம் தங்கிவிட்டது.

முதலில் நிறையைச் சொல்லிவிடலாம். கடைகளில் அதிகம் விற்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி. பெருக்கினால் 1,800 வாட்-மணி வரும். ஈய-அமில பேட்டரியை அடிவரைக்கும் வற்ற விட்டால் ஆயுள் குறையும். இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். கழித்துப் பார்த்தால் கைக்கு வருவது ஏறத்தாழ ஒரு யூனிட். மூன்று பழைய விசிறிகள், நான்கு எல்.இ.டி. விளக்குகள், ஒரு வைஃபை பெட்டி எல்லாம் சேர்த்து 275 வாட் என்று வைத்தால் நாலு மணி நேரம் ஓடும். சத்தமில்லை, புகையில்லை, யாரும் எழுந்து போய் எதையும் போட வேண்டியதில்லை. கோடைகாலத்து மாலையில் டிரான்ஸ்பார்மர் பழுதாகி இரண்டு மணி நேரம் கரண்ட் நின்றால் இதைவிட நல்ல ஏற்பாடு வீட்டுக்குக் கிடையாது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் படுக்கையில் கிடக்கும் முதியவரும் இருக்கும் வீட்டில் இதை ஆடம்பரம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஐந்தாவது மணியில்தான் இதன் குறை தெரியும். இன்வெர்ட்டர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. முன்பு வாங்கியதைப் பிறகு தருகிறது. வற்றிய பேட்டரி மறுபடி நிரம்பப் பத்து மணி நேரமாவது தொடர்ந்து கரண்ட் இருக்க வேண்டும். 2012இல் ஒரு மணி விட்டு ஒரு மணி மின்வெட்டு வந்த ஊர்களில், பேட்டரி பாதி நிரம்புவதற்குள் அடுத்த வெட்டு வந்தது. அரைகுறையாகவே கிடக்கும் ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படியும். நாலைந்து ஆண்டு உழைக்க வேண்டியது இரண்டே ஆண்டில் கைவிடும். மிக அதிகமாகத் தேவைப்பட்ட காலத்தில்தான் அது மிக வேகமாகக் கெட்டது.

ஊர் அளவில் பார்த்தால் கணக்கு இன்னும் மோசம். பேட்டரியிலிருந்து ஒரு யூனிட் எடுக்க ஒன்றரை யூனிட்டாவது உள்ளே போட வேண்டும். கரண்ட் திரும்பியதும் எல்லா வீட்டு இன்வெர்ட்டர்களும் ஒரே நேரத்தில் இழுக்கத் தொடங்கும். வீட்டுக்கு 250 வாட் என்றாலும் ஒரு லட்சம் வீடுகளுக்கு 25 மெகாவாட். பற்றாக்குறையால் வந்த மின்வெட்டைச் சமாளிக்க வாங்கிய கருவி, பற்றாக்குறையையே கூட்டுகிறது. வீட்டுக்காரருக்கும் மறைமுக அடி உண்டு. தமிழ்நாட்டில் இருமாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த கட்டண அடுக்கின் சலுகை போய்விடும். விளிம்பில் நிற்கும் வீட்டை அந்தக் கோட்டுக்கு மேல் தள்ள, அடிக்கடி வற்றி நிரம்பும் ஒரு பேட்டரி போதும்.

நீண்ட மின்தடை வேறு ரகம். 2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு அடையாறு கரைபுரண்டபோது, வரதராஜபுரம், முடிச்சூர் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பாதுகாப்புக்காக மின்வாரியமே இணைப்பைத் துண்டித்தது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் கம்பங்களைச் சாய்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. மூன்று முறையும் பல பகுதிகளில் இருட்டு நாள்கணக்கில் நீடித்தது. நாலு மணி நேர பேட்டரி அங்கே முதல் இரவைக்கூடத் தாண்டாது. மாடிப்படிக்கு அடியில் தரையில் வைத்த பேட்டரி, வெள்ளம் வந்தால் முதலில் மூழ்கும் பொருள்களில் ஒன்று. நீண்ட மின்தடையைக் கொண்டுவரும் பேரிடரே மாற்று ஏற்பாட்டையும் கொண்டுபோகிறது. இடுப்பளவு உயரத்தில் ஒரு ஸ்லாப் போட்டு வைத்தால் தீரும் சிக்கல் இது. கருவி வாங்கும்போது வாட் கேட்கிறோம், வாரண்டி கேட்கிறோம். எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று கேட்பதில்லை.

நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது விசிறியைவிட முதலில் வீட்டை முடக்குவது தண்ணீர். மேல்தொட்டி காலியானால் குடும்பம் வீட்டை விட்டு வெளியேறும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 750 வாட்டுக்குக் குறையாமல் கேட்கும். கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் அந்த இழுப்புக்குத் தாங்காது.

இங்கேதான் ஜெனரேட்டர் முன்னுக்கு வருகிறது. எரிபொருள் இருக்கும்வரை அது உண்மையிலேயே மின்சாரத்தை உண்டாக்கும். மோட்டாரையும் லிஃப்டையும் ஓட்டும். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இதுவே பொருத்தம். தனி வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு இரண்டு யூனிட் தந்தாலே அதிகம். பெட்ரோல் நூறு ரூபாய் என்றால் யூனிட் ஐம்பது ரூபாய்க்கு மேல். அதைவிடப் பெரிய குறைகள் இரண்டு. மூடிய இடத்தில் ஓட்டினால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருகினால் மின்சாரம் தலைகீழாகத் தெருக்கம்பிக்குப் போகும்; டிரான்ஸ்பார்மர் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும்; கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன் உயிருக்கு அது எமன். எரிபொருளும் இன்னொரு விநியோகச் சங்கிலியை நம்பியது. இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது டீசலுக்கும் வரிசை நின்றது. மின்சாரமும் டீசலும் ஒரே காரணத்தால் வற்றின. ஜெனரேட்டர் வைத்திருந்தவரும் வைத்திராதவரும் ஏறக்குறைய ஒரே இருட்டில்தான் இருந்தார்கள்.

அப்படியானால் சூரியன்? 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ போட்டால் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. கரண்ட் பில் குறையும் என்பது உண்மை. மின்தடைக்கு உதவும் என்று நினைத்துப் போட்டவர்களுக்குத்தான் ஏமாற்றம். மின்தொகுப்போடு மட்டும் இணைந்த சோலார், தெருவில் கரண்ட் நின்ற கணமே தானும் நின்றுவிடும். லைன்மேனைக் காப்பதற்காக விதியே அப்படி. நடுப்பகல் வெயில் கொளுத்தும்போதும் கூரைக்குக் கீழே விசிறி சுற்றாது. பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் இருந்தால்தான் வேலைக்கு ஆகும்; மானியமோ தகட்டின் அளவுக்குத்தான், பேட்டரிக்கு இல்லை. நமது நீண்ட மின்தடைகள் வடகிழக்குப் பருவமழையில், மேகம் கவிந்த நவம்பர், டிசம்பரில் வருபவை. ஆனாலும் புயல் கடந்தபின் வானம் வெளுக்கும். மூன்றாம் நாளில் தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளும் ஒரே ஏற்பாடு பேட்டரியோடு கூடிய சோலார்தான். நீண்ட மின்தடைக்கு நேர்மையான விடை இதுவே. விலையும் இதற்கே அதிகம்.

லித்தியம் பேட்டரி இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும். ஈய பேட்டரியைவிட ஆழமாக வற்ற விடலாம், விரைவாக நிரம்பும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்து வந்த ஹூண்டாய் கிரெட்டா மின்காரின் பெரிய வகையில் 51.4 கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரி இருக்கிறது. காரிலிருந்து வெளிக்கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கவும் வசதி உண்டு. நாம் பார்த்த நாலு மணி நேர பேட்டரிகளைப்போல நாற்பதுக்கும் மேற்பட்டதற்குச் சமம் அது. அந்தக் காரை வாங்கக்கூடியவர் வீட்டில் ஒரு வாரம் விசிறி நிற்காது.

இதுவரை சொன்ன எல்லா ஏற்பாட்டுக்கும் சொந்தக் கூரையும் சொந்த மின் இணைப்பும் வேண்டும். இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி மக்களுக்கு இரண்டும் இல்லை. ஆலைத் தொழிலாளர்கள் பலர் லைன் வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். மீட்டர் வீட்டு உரிமையாளர் பெயரில் ஓடுகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்சாரம் இருக்காது என்று பத்திரிகையில் அறிவிப்பு வரும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் தூங்கும் நேரம் அது. தகரமோ கான்கிரீட்டோ, அந்த வெயிலில் விசிறி இல்லாமல் கண் மூட முடியாது. இரவு மறுபடி எந்திரத்தின் முன் நிற்க வேண்டும். இன்வெர்ட்டர் மிகச் சரியாகப் பொருந்தும் மின்தடை இந்த ஐந்து மணி நேரம்தான். அது மிகவும் தேவைப்படும் ஆளிடம் அது இல்லை. ஒரு சார்ஜ் விசிறியும் ஒரு பவர் பேங்கும்தான் அவருடைய பேக்கப்.

இதற்கு மலிவான வழி இருக்கிறது. 75 வாட் இழுக்கும் பழைய விசிறிக்குப் பதில் 30 வாட்டில் சுற்றும் பி.எல்.டி.சி. விசிறி வந்துவிட்டது. எட்டு அறைகள் உள்ள லைன் வீட்டில் அறைக்கு ஒன்று மாட்டினால் மொத்தம் 240 வாட். ஒரு குடும்பத்துக்கு நாலு மணி நேரம் ஓடிய அதே ஒற்றை பேட்டரி, எட்டு அறைகளுக்கும் நாலு மணி நேரம் விசிறியைச் சுற்றவைக்கும். முதலில் தேவையைக் குறை, பிறகு பேட்டரி வாங்கு என்ற வரிசை இங்கே பலருக்குத் தலைகீழாக இருக்கிறது. 1990க்குப் பிறகு மின்சாரமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த யாழ்ப்பாணத்தார் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அந்த நெருக்கடியைப் போற்ற வேண்டாம். எது இல்லாமல் முடியாது என்று அவர்கள் பிரித்துப் பார்த்த தெளிவு நமக்கும் வேண்டும்.

பொது விடை ஒன்றையும் இந்த மாநிலத்திலேயே யோசித்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு, பற்றாக்குறை நேரத்தில் தெருவை முழுக்க அணைக்காமல் ஒவ்வொரு வீட்டுக்கும் 48 வோல்ட் டி.சி.யில் சுமார் 100 வாட் மட்டும் விடலாம் என்று வடிவமைத்தது. அந்த நூறு வாட் வாடகை அறைக்கும் போயிருக்கும். யாரும் பேட்டரி வாங்கியிருக்க வேண்டாம். வீட்டுக்குள் தனிக் கம்பியும் டி.சி. விசிறியும் வேண்டியிருந்தது அதன் பலவீனம். கம்பம் சாய்ந்த இடத்தில் அதுவும் உதவாது. ஆனால் இருப்பதைப் பகிர்வது என்ற அதன் அடிப்படை, ஆளுக்கொரு பேட்டரி என்ற நமது பழக்கத்தைவிட நியாயமானது.

ஈயத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய பேட்டரியை எடைக்குப் போட்டால் அது எங்கே உருக்கப்படுகிறது என்று விற்றவர் கேட்பதில்லை. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022இல் வந்தன. தயாரிப்பாளரே திரும்ப எடுக்க வேண்டும் என்கின்றன. பில் இல்லாமல் கைமாறும் பேட்டரி அந்த விதிக்குள் வருவதில்லை.

ஆக, என் தீர்ப்பு இது. இரண்டு முதல் ஐந்து மணி நேரத் தடைக்கு இன்வெர்ட்டர் நல்லது, விசிறியை மாற்றிய பிறகு வாங்கினால். அடுக்குமாடியின் தண்ணீருக்கு ஜெனரேட்டர், திறந்த இடத்தில், வெள்ள மட்டத்துக்கு மேல். நாள்கணக்கான இருட்டுக்கு பேட்டரியோடு கூடிய சோலார். அதைத் தனித்தனி வீட்டுக்கு முன்பாக ஊராட்சியின் குடிநீர் மோட்டாருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போடுவதே பணத்துக்கு மதிப்பு. மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020இல் வந்தன. 24 மணி நேர மின்சாரம் நுகர்வோரின் உரிமை என்றும், தவறினால் இழப்பீடு உண்டு என்றும் அவை சொல்கின்றன. இன்வெர்ட்டர் வாங்கிய வீடு அந்த உரிமையைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. மின்வாரியத்துக்கு மனு எழுதத் தெரிந்தவர், கவுன்சிலரைப் பார்க்கக்கூடியவர், பத்திரிகைக்குப் பேசக்கூடியவர் ஆகியோரின் எரிச்சலைத்தான் அந்த பேட்டரி முதலில் தணிக்கிறது. மிச்சமிருப்பது லைன் வீட்டுக்காரரின் குரல். பகலில் அவர் தூங்க முயன்றுகொண்டிருக்கிறார், இரவில் ஆலைக்குள் இருக்கிறார். அவருக்கும் சேர்த்துப் புகார் எழுத வேண்டிய கடமை, பேட்டரி வைத்திருப்பவருக்கு உண்டு.