பகடியின் இலக்கு: மருமக்கள்வழி மான்மியமும் விக்டோரியா காலப் பகடிப்பாவும்

பகடிப்பா தன் மூலத்தை எள்ளுவது என்பது பொதுக்கருத்து. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'மருமக்கள்வழி மான்மியம்' இக்கருத்துக்கு உட்படுகிறதா என்பதை விக்டோரியா கால ஆங்கிலப் பகடியோடு ஒப்பிட்டு ஆராய்வது தகும்.

லூயிஸ் கரோல் 1865-இல் வெளியிட்ட ஆலிஸின் கதையில், ஐசக் வாட்ஸ் 1715-இல் சிறுவர்க்கு எழுதிய பாடலொன்று உருமாறி வருகிறது. தேனீயைக் காட்டி உழைப்பை அறிவுறுத்தியது மூலப்பாடல். ஆலிஸ் அதனை ஒப்பிக்க முயலும்போது தேனீயின் இடத்தில் மீன் விழுங்கும் முதலை வந்துவிடுகிறது. யாப்பு எஞ்சுகிறது, நீதி நீங்குகிறது. நகைப்புக்கு உள்ளாவது மூலப்பாடலின் அறிவுரையே.

மான்மியத்தின் நெறி இதற்கு மாறானது. தலத்தின் பெருமை கூறும் நூல்வகையின் பெயர், சகோதரி மகனுக்குச் சொத்தைச் சேர்க்கும் நாஞ்சில்நாட்டு வழக்கத்திற்குச் சூட்டப்படுகிறது. 'குலமுறை கிளத்து படலம்' என்பது கம்பராமாயணப் பாலகாண்டத்துப் பெயர். அங்கு விசுவாமித்திரர் இராமனின் குலப்பெருமையைச் சனகனுக்கு உரைக்கிறார். இங்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒருத்தி தன் துயரக்கதையைக் கூறுகிறாள். கம்பரின் 'அரசியற் படலம்' ஒரு சொல் கூடி 'மாமி அரசியற் படலம்' ஆகிறது. நாகாஸ்திர, கருடாஸ்திரப் படலப் பெயர்கள் இந்திரசித்தின் நாகபாசத்தையும் அதனை நீக்கிய கருடனையும் நினைவூட்டுகின்றன.

இவற்றுள் எவ்விடத்தும் கம்பர் எள்ளப்படவில்லை. காப்பியத்தின் உயர்வு குன்றாது நிற்பதாலேயே குடும்பத்தின் சிறுமை புலனாகிறது. கரோலிடம் மூலம் இலக்கு; கவிமணியிடம் மூலம் அளவுகோல்.

நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின்வழிப் பிறக்கும் என்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். ஆலிஸின் தடுமாற்றம் இளமையிலும் பேதைமையிலும் பிறக்கும் நகை. மான்மியத்தின் நகை எள்ளலில் பிறப்பது. எனினும் பேசுபவள் துன்புறுபவளே ஆதலின், அதனுள் அழுகையும் கலந்துள்ளது. பழியைச் செம்பொருளாகவும் கரந்தும் கூறும் அங்கதப் பாகுபாடு, பழி வெளிப்படும் முறையை விளக்குகிறது. வடிவம் எங்கிருந்து பெறப்பட்டது என்பதை அது வினவுவதில்லை. ஆகவே மான்மியத்தை அங்கதம் என்று மட்டும் வகைப்படுத்துவது அதன் பாதியையே காட்டும்.

நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் 1926-இல் நிறைவேறுவதற்கு முன்னரே, 'தமிழன்' இதழில் மான்மியம் வெளிவந்தது. சட்டத்திற்குப் பாடலே காரணம் எனல் மிகை. ஆயினும் வழக்குரைஞரும் சீர்திருத்தக்காரரும் பேசிய ஒரு சிக்கலில், வீட்டினுள் இருந்த பெண்ணின் குரலை அது ஒலிக்கச் செய்தது. பகடியை ஆராய்வோர் எள்ளப்படுவது மூலமா, வாழ்வா என்பதை முதலில் தெளிந்து, பின்னரே வகைமை வகுத்தல் வேண்டும்.