உப்பின் விலையும் உடம்பின் விலையும்

அகநானூற்றின் 390ஆம் பாட்டை அம்மூவனார் பாடியிருக்கிறார். நெல்லுக்குச் சரியளவு உப்பு என்று கூவி விற்றுவரும் பெண்ணை ஒருவன் மறிக்கிறான். உப்புக்கு விலை சொன்னாய், உன் உடம்பிலிருக்கும் உப்புக்கு என்ன விலை என்கிறான். அவள் சிரித்து விலகி நிற்கிறாள். எம்.ஏ. வகுப்பில் இதை நயம் என்றுதான் நடத்தினார்கள். கூடை சுமக்கிற பொம்பளையிடம் கேட்டுப் பாருங்கள், இதற்கு வேறு பேர் சொல்லுவாள். வியாபாரம் செய்ய வந்தவளின் வியாபாரம் பாட்டில் பின்னால் போய்விடுகிறது, அவள் உடம்பு முன்னால் வருகிறது. இதைத்தான் நான் விமர்சனமாக வைக்கிறேன்.

வேறு மாதிரிப் பார்க்கத் தெரிந்த புலவரும் இருந்தார். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் இடைச்சி விடியலில் தயிர் கடைகிறாள். சும்மாடு வைத்துப் பானை சுமந்து போகிறாள். மோர் விற்ற தானியத்தில் குடும்பத்துக்குச் சோறு போடுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தால் வேண்டாம் என்கிறாள், எருமையும் பசுவும் வாங்குகிறாள். பொன்னை வைத்துக்கொண்டு என்ன செய்ய, மாடு கன்று போடும். இது முதலீட்டுக் கணக்கு. சிலப்பதிகாரத்தின் மருவூர்ப்பாக்கத்திலும் கள் விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். சந்தைக்கு இவள் நேற்று வந்தவள் அல்ல.

ஆனால் நகரம் இவளை ஆக்கிரமிப்பு என்கிறது. தெருவில் விற்பதும் அடிப்படை உரிமைதான் என்று 1989இல் சோதன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. 2014இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதமாவது வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. சட்டம் வந்து ஏழு வருசம் கழித்து, 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு பஸ் ஏறிய மூதாட்டியை நாறுகிறது என்று இறக்கிவிட்டார்கள். 2023 ஏப்ரலில் சென்னை லூப் ரோட்டில் மீன்கடைகளை அகற்றினார்கள்.

உப்புக்காரியும் இடைச்சியும் பாட்டிலாவது இருக்கிறார்கள். நம்ம பொம்பளைகள் எங்கே? இவள் பறித்து வந்த கீரையை வாங்குகிறவர்கள், இவள் அவித்த இட்லியை வாங்குமுன் எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். 2018இல் அவிநாசிப் பக்கம் ஒரு பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரே எதிர்த்தது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவளுக்கே இந்த நிலை என்றால், தெருமுனையில் அடுப்பு வைக்கிறவளுக்கு? பச்சைப் பொருளில் கூலி மாதிரிதான் மிஞ்சும், சமைத்து விற்றால்தான் லாபம். அந்த லாபத்தின் வாசலில் சாதி உட்கார்ந்திருக்கிறது. பெண்ணெழுத்து என்று பேசுகிற பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தோழர்களே, அழகான சந்தைக் கவிதைகள் போதும். காலையில் தண்டலுக்கு வாங்கியது எவ்வளவு, தரைக்கடைக்கு வசூல் எவ்வளவு, வாடிப்போனது எவ்வளவு, மாலையில் மடியில் மிஞ்சியது எவ்வளவு என்று உங்கள் அம்மா, அத்தை, சின்னம்மா சொல்லச் சொல்ல எழுதுங்கள். அவர்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதுங்கள்.