வினவலில் மாட்டும் கொக்கி

இணையத்தளம் அமைக்க உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் மென்பொருள் வேர்ட்பிரஸ். 2003-ஆம் ஆண்டில் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவர், பி2 என்னும் பழைய மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு இதைத் தொடங்கினர். மூல நிரலில் கைவைக்காமலே அதன் போக்கை மாற்ற இதில் ஒரு வழி உண்டு. அதற்கு 'ஃபில்டர் ஹூக்' என்று பெயர். வடிகட்டிக் கொக்கி எனலாம். இந்த ஏற்பாட்டைப் புகழாத நிரலர் குறைவு. ஆனால் தரவுத்தள வினவல்களைத் திருத்தும் கொக்கிகளைப் பொறுத்தவரை, அப்புகழில் பாதியைக் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கொக்கி எவ்வாறு இயங்குகிறது? வாசகர் ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்ததும், எந்தக் கட்டுரைகளைக் காட்டுவது என்று மென்பொருள் தரவுத்தளத்தைக் கேட்கிறது. அக்கேள்வி எஸ்.க்யூ.எல். மொழியில் அமைந்த ஒரு வாக்கியம். அதன் நிபந்தனைப் பகுதி, வரிசைப் பகுதி முதலியவற்றை எழுதியதும், அனுப்புவதற்கு முன் மென்பொருள் அவற்றை நம்மிடம் நீட்டுகிறது. நாம் திருத்தித் திருப்பிக் கொடுக்கலாம். நிபந்தனைக்கு உரிய கொக்கி 'போஸ்ட்ஸ் வேர்'.

இங்கேதான் குறை தொடங்குகிறது. நம் கைக்கு வருவது எழுதி முடித்த வெறும் எழுத்துச் சரம். ஓர் இதழின் தளத்தை எடுத்துக்கொள்வோம். முதிய விஞ்ஞானி ஒருவரின் பக்கத்தில் அவர் எழுதிய கட்டுரைகள் வருகின்றன. 'எழுதியவர் இவர், மற்றும் நிலை: வெளியிடப்பட்டது' என்பது நிபந்தனை. அவர் பெயரைத் தலைப்பில் கொண்ட கட்டுரைகளும் வரட்டும் என்று நிரலர், சரத்தின் கடைசியில் 'அல்லது தலைப்பில் இவர் பெயர் உண்டு' என்று ஒட்டுகிறார். கூட்டலுக்கு முன் பெருக்கலைச் செய்கிறோம் அல்லவா? அதுபோலவே தரவுத்தளமும் 'மற்றும்' என்பதை முதலில் பிணைக்கும். ஆகவே புதிய நிபந்தனைக்கு 'வெளியிடப்பட்டது' என்ற காவல் இல்லாமற் போகிறது. பெரியவர்களுக்கு இரங்கற் குறிப்பை முன்கூட்டியே எழுதி வைப்பது இதழுலக வழக்கம். நலமாக இருக்கும் அந்த விஞ்ஞானி தம் பக்கத்தைத் திறந்தால், தமக்கான இரங்கற் குறிப்பின் தலைப்பையே அங்கு காண்பார்!

அடைப்புக்குறியை உரிய இடத்தில் இட்டிருக்கலாமே எனலாம். அந்த இடம் சரத்தின் நடுவில் எங்கோ இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்துப் பிளக்க வேண்டும். வேறொரு செருகுநிரல் நமக்கு முன்பே அச்சரத்தை மாற்றியிருந்தால் அதுவும் தவறிப்போகும்.

மாட்டிய கொக்கி, கழற்றும் வரையில் அதே பக்கத்தின் பிற வினவல்களையும் பற்றும். அவற்றுள்ளும் சில, கொக்கிகளைத் தவிர்க்குமாறு அமைக்கப்பட்டிருப்பதால் தப்பிவிடும். முதன்மை வினவல்தானா என்று சோதிக்கும் வசதி 2011-இல் 3.3 பதிப்பில் வந்தது. அதைப் பயன்படுத்தாத நிரல்கள் இன்றும் உண்டு. வாசகர் தட்டச்சு செய்ததை அப்படியே சரத்தில் சேர்ப்பது இன்னும் பெரிய ஆபத்து. அதைத் தடுக்கும் 'பிரிப்பேர்' என்ற காப்புச் செயலியிலேயே ஓட்டை கண்டு, 2017-இல் 4.8.3 பதிப்பில் அடைத்தார்கள்.

இதைவிட 'பிரி கெட் போஸ்ட்ஸ்' என்ற கொக்கி எனக்கு உகந்தது. வாக்கியம் எழுதப்படுமுன்பே அது நம்மை அழைக்கிறது. நாம் வேண்டுவதை மட்டும் சொன்னால் போதும், வாக்கியத்தை மென்பொருளே எழுதிக்கொள்ளும். ஆனால் மேற்சொன்ன 'இவர் எழுதியது அல்லது தலைப்பில் இவர் பெயர்' என்ற எளிய விருப்பத்தை அதனிடம் சொல்ல வழியில்லை. நிரலர் மறுபடியும் சரத்துக்கே போகிறார். அவர்மேல் மட்டும் பழி சுமத்துவது நியாயமா?

முடியாத காரியமும் அன்று. கட்டுரையோடு சேர்த்து வைக்கும் துணைத் தகவல்களைத் தேடும்போது, 'மற்றும்', 'அல்லது' உறவுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிச் சொல்லும் வசதியை 2014-இல் 4.1 பதிப்பிலேயே தந்துவிட்டார்கள். எழுதியவர், தலைப்பு, நிலை ஆகியவற்றுக்கும் அதை விரித்திருந்தால், அடைப்புக்குறி இடும் பொறுப்பு மென்பொருளிடமே இருந்திருக்கும்.